உல்லாசக் கப்பற் கட்டணமும் நாணயத் தெரிவும்

ஒரு பொருளின் விலை யாது என்று கேட்பவர் பலர். அவ்விலை எந்த நாட்டு நாணயத்திற் கூறப்பட்டது, எந்த நாளிற் கொடுக்கப்படுவது என்று கேட்பவர் சிலரே. விற்பவனும் வாங்குபவனும் ஒரு நாட்டினராய், விலை பேசும் நாளும் பணம் கொடுக்கும் நாளும் ஒன்றாய் இருக்குமிடத்து இக்கேள்விக்கு இடமில்லை. நாடும் நாளும் வேறாகுமிடத்தோ, இக்கேள்வியை விடுத்து விலையை மட்டும் ஆராய்தல் அரைக்கணக்குப் பார்த்தலாகவே முடியும். இவ்வுண்மையை விளக்குதற்கு உல்லாசக் கப்பற் பயணம் மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டாகும்.

ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் சேர்வதற்காகவன்றிக் கடலிற் செல்லும் இன்பத்திற்காகவே கப்பலேறும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தோன்றியது. 1844ஆம் ஆண்டில் பி. அண்ட் ஓ. கம்பனி மத்தியதரைக் கடலிலே அத்தகைய பயணங்களைத் தொடக்கியது. 1891இல் யேர்மனியிலிருந்து ‘ஆகுஸ்தா விக்டோரியா’ என்னும் கப்பல் அதே கடலைச் சுற்றிவரப் புறப்பட்டது. இன்று இத்தொழிலின் பெரும்பகுதி ஐக்கிய அமெரிக்காவைத் தளமாகக் கொண்ட கார்னிவல், றோயல் கரீபியன், நோர்வீஜியன் ஆகிய நிறுவனங்களின் கையில் உள்ளது. இவை தம் கணக்குகளை டொலரிலேயே வகுக்கின்றன. ஆயினும் பயணிகளோ பல நாட்டினர். இலண்டனில் வாழும் ஒருவர் தம் பயணத்துக்குப் பவுணிலும் கட்டணம் செலுத்தலாம். அமெரிக்க முகவர் ஒருவரை நாடி டொலரிற் செலுத்தவும் வழி தேடலாம். எது நன்று என்பதே வினா.

இவ்வினாவுக்கு விடை காணுமுன் கட்டணம் கொடுபடும் முறையை அறிதல் வேண்டும். கப்பலில் இடம் பதிவுசெய்யும்போது முற்பணம் கொடுக்கப்படுகின்றது. இது பயணத்துக்கு ஓராண்டு முன்னரும் நிகழலாம். எஞ்சிய பெருந்தொகை, புறப்படுவதற்கு இரண்டு தொடக்கம் நான்கு மாதங்களுக்கு முன் செலுத்தப்படுகின்றது. கப்பலில் உண்பன பருகுவன முதலியவற்றுக்கான மேலதிகச் செலவு, பயண முடிவிலே தீர்க்கப்படுகின்றது. ஆகவே ஒரே பயணத்துக்கு மூன்று வேறு காலங்களிற் பணம் கைமாறுகின்றது. நாணயத்தின் மதிப்போ இக்கால இடைவெளியில் ஒரு நிலையில் நிற்பதில்லை.

அது நிலையாக நின்ற காலமும் ஒன்றிருந்தது. 1949 செப்டெம்பர் முதல் 1967 நவம்பர் வரை ஒரு பவுணுக்கு 2.80 டொலர் என்பதே விதிக்கப்பட்ட வீதமாகும். அக்காலத்தில் 840 டொலர் கட்டணம் என்றால் அது 300 பவுண் என்று ஐயமின்றிக் கூறலாம். ஆனால் 1967 நவம்பர் 18ஆம் நாள் பிரித்தானிய அரசு பவுணை 2.40 டொலருக்கு மதிப்பிறக்கம் செய்தது. ஒரே இரவில் அந்த 840 டொலர் 350 பவுண் ஆயிற்று. கப்பலும் மாறவில்லை, அறையும் மாறவில்லை; கட்டணம் மட்டும் ஐம்பது பவுண் ஏறிற்று. 1971 ஆகஸ்டில் அமெரிக்கா டொலரைப் பொன்னாக மாற்றிக் கொடுப்பதை நிறுத்தியது. 1972 யூனில் பவுண் மிதக்கவிடப்பட்டது. அதன் பின்னர் அரிதாக நிகழ்ந்த பெருமாற்றத்துக்குப் பதிலாக நாள்தோறும் சிறுமாற்றம் நிகழ்வது இயல்பாயிற்று. எனினும் பெருமாற்றமும் அறவே ஒழிந்துவிடவில்லை. 2016 யூன் 23இல் ஐரோப்பிய ஒன்றியம் பற்றிய வாக்கெடுப்பு நடந்தபோது பவுண் ஏறக்குறைய 1.48 டொலராக இருந்தது. இரு வாரங்களுள் அது 1.30 அளவுக்கு இறங்கியது. 6,000 டொலர் கட்டணத்துக்கு முன்னர் 4,054 பவுண் போதுமாயிருக்க, பின்னர் 4,615 பவுண் வேண்டியதாயிற்று.

இனி, நிறுவனம் பவுணிலே கட்டணம் கூறும்போது செய்வது யாது? பயணி சுமக்கவேண்டிய அந்த நிச்சயமின்மையைத் தானே ஏற்றுக்கொள்கின்றது. ஏற்றுக்கொள்பவர் அதற்கு ஒரு கூலியும் பெறுவர். அக்கூலி தனியே காட்டப்படுவதில்லை. விலைக்குள்ளேயே அடங்கிக் கிடக்கும். அதனை வெளிக்கொணரும் வழி எளிது. ஒரே அறைக்குக் கூறப்பட்ட டொலர் விலையைப் பவுண் விலையால் வகுத்து, வரும் ஈவை அன்றைய சந்தை வீதத்தோடு ஒப்பிடுதல் வேண்டும்.

ஓர் உதாரணம் கொள்வோம். ஓர் அறையின் கட்டணம் 6,000 டொலர் அல்லது 4,950 பவுண். சந்தை வீதம் 1.25 என்க. சந்தை வீதப்படி 6,000 டொலரின் மதிப்பு 4,800 பவுண். எனவே பவுண் விலையில் அடங்கிய மேலதிகம் 150 பவுண். ஆனால் டொலரிற் செலுத்துபவரின் கடனட்டைக்கு வங்கி நூற்றுக்கு 3 வீதம் வெளிநாட்டுக் கட்டணம் அறவிடுமாயின், அதுவே 144 பவுண் ஆகிவிடும். அப்போது இரண்டும் ஏறத்தாழச் சமமே. நிச்சயம் தருகின்ற பவுண் விலையே மேலானது. அத்தகைய கட்டணம் அறவிடாத அட்டையை உடையவருக்கோ 150 பவுண் மீதமாகும். ஆனால் அம்மீதம் இலவசமாகக் கிடைப்பதன்று. பெருந்தொகை செலுத்தும் நாளில் பவுண் 1.125 டொலருக்கு இறங்கியிருந்தால் அவர் 5,333 பவுண் கொடுக்கவேண்டும். 1.375 டொலருக்கு ஏறியிருந்தால் 4,364 பவுண் போதும். எனவே அவர் ஒரு விலையைத் தெரிந்தெடுக்கவில்லை. ஒரு பந்தயத்தைத் தெரிந்தெடுத்தார் என்பதே பொருந்தும்.

இதிலிருந்து பெறப்படும் விதி இது: ஒருவருடைய வருமானம் எந்த நாணயத்தில் வருகின்றதோ, நெடுங்காலத்துக்குப் பின் தீர்க்கவேண்டிய கடனையும் அவர் அந்த நாணயத்திலேயே வைத்துக்கொள்ளல் நன்று. பவுணில் ஓய்வூதியம் பெறும் முதியவருக்கு 150 பவுண் மேலதிகம் பெரிதன்று. எதிர்பாராத 500 பவுணே பெரிது. டொலரிற் சேமிப்பு உடையவருக்கோ டொலர் விலையே உள்நாட்டு விலை போன்றது; அவர் காப்புறுதிக்குக் கூலி கொடுப்பது வீண். உரிய டொலரை முன்னரே வாங்கி வைத்திருப்பவருக்கும் இது பொருந்தும்.

எனினும் உள்நாட்டு நாணயத்திற் கூறிய விலை முற்றும் அசையாதது என்று கொள்ளலாகாது. பிரித்தானியாவின் 2018ஆம் ஆண்டுப் பயணப் பொதி ஒழுங்குவிதிகளின்படி, ஒப்பந்தத்தில் வெளிப்படையாகக் கூறப்பட்டிருப்பின், எரிபொருள், வரி, நாணயமாற்று வீதம் ஆகியவற்றின் மாற்றத்தால் விலை உயர்த்தப்படலாம். உயர்வு நூற்றுக்கு 8 வீதத்தைக் கடந்தால் பயணி தண்டமின்றி விலகலாம். புறப்பட 20 நாளுக்குட்பட்ட காலத்தில் உயர்வை அறிவித்தலும் செல்லாது. உயர்த்தும் உரிமையை வைத்துக்கொள்பவர், செலவு குறையுமிடத்து விலையைக் குறைக்கவும் கடமைப்பட்டவர். பயணம் கைவிடப்பட்டாற் பணம் எவ்வாறு மீளும் என்பதும் நோக்கத்தக்கது. 2020 மார்ச்சில் நோய்த் தொற்றினால் உல்லாசக் கப்பல்கள் நின்றபோது இது வெறும் ஏட்டுக் கேள்வியாக இருக்கவில்லை. டொலரிற் செலுத்தியவருக்கு டொலரே மீளும். அதன் பவுண் மதிப்போ மீளும் நாளின் வீதத்தைப் பொறுத்தது.

இதுவரை கூறியது காலம் இடையிட்ட கொடுப்பனவு பற்றியது. உடனே தீரும் கொடுப்பனவுக்கு விதி நேர்மாறானது. கப்பலின் கணக்கு டொலரில் ஓடுகின்றதெனக் கொள்க. பயண முடிவிலோ இடையிலுள்ள துறைமுகக் கடையிலோ அட்டையைக் கொடுக்கும்போது, “உமது சொந்த நாணயத்திற் செலுத்த விரும்புகின்றீரா?” என்று இயந்திரம் வினவுவதுண்டு. இதற்கு ‘டைனமிக் கரன்சி கொன்வேர்ஷன்’ என்று பெயர். பழகிய நாணயத்தைக் கண்டதும் பயணியின் கை தானே அதனை நாடும். ஈண்டு நாணயத்தை மாற்றுபவர் பயணியின் வங்கியல்லர். விற்பவரும் அவருக்குத் துணைநிற்கும் நிறுவனமுமேயாவர். வீதத்தையும் அவர்களே வகுக்கின்றனர். 400 டொலர் கணக்கைச் சந்தை வீதமான 1.25இல் மாற்றினால் 320 பவுண். நூற்றுக்கு 3 வீத வங்கிக் கட்டணத்தோடு 329 பவுணும் சில்லறையும். இயந்திரம் 1.19 என்று வகுத்தால் 336 பவுண். இம்மேலதிகத்துக்குப் பயணி பெறும் பயன் யாது? காலம் இடையிடாமையால் நிச்சயமின்மையும் இல்லை. நிச்சயமின்மை இல்லாதவிடத்துக் காப்புறுதியும் இல்லை. கூலி மட்டும் உண்டு. இதனாலேயே ஐரோப்பிய ஒன்றியம் தன் 2019/518ஆம் இலக்க ஒழுங்குவிதியால், இம்மேலதிகத்தை ஐரோப்பிய மத்திய வங்கியின் வீதத்தோடு ஒப்பிட்டு நூற்றுவீதமாகக் காட்டவேண்டும் என்று விதித்தது. ஆகவே அட்டை இயந்திரத்தின் முன் நிற்பவர் விற்பவரின் நாணயத்தையே தெரிதல் தக்கது. சொந்த நாணயம் என்னும் பெயர் இரண்டிடத்தும் ஒன்றே. அது செய்யும் வேலையோ வேறு.

உல்லாசக் கப்பல் இந்நாட்டிற் பெரும்பாலோர்க்கு எட்டாத ஒன்று. ஆயினும் ரூபாவில் உழைத்து, அந்நிய நாணயத்திற் பரீட்சைக் கட்டணமோ பல்கலைக்கழகக் கட்டணமோ செலுத்தும் குடும்பங்கள் பல. பவுண் மதிப்பிறங்கிய அதே 1967 நவம்பரில் இலங்கை ரூபாவும் நூற்றுக்கு 20 வீதம் மதிப்பிறக்கப்பட்டது. ஒரு டொலர் 4.76 ரூபாவிலிருந்து 5.95 ரூபா ஆயிற்று. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே நடுப்பகுதியில் 360 ரூபா அளவுக்கு ஏறியது. ஆயிரம் டொலர் கட்டவேண்டிய தந்தைக்கு இரண்டு இலட்சம் ரூபா மூன்று இலட்சத்து அறுபதினாயிரமாயிற்று. அனுமதி பெற்றும் செல்ல இயலாத மாணவனின் நிலையை இத்தொகைகளே உணர்த்தும்.

ஆகவே எந்த நாணயத்திற் கொடுப்பது மலிவு என்று வினவுவது போதாது. மாற்றுபவர் யார், மாற்றும் நாள் எது, இடையில் வரும் நட்டத்தைச் சுமப்பவர் யார் என்னும் மூன்றையும் வினவுதல் வேண்டும். நீண்ட தவணைக்கு வருமானம் வரும் நாணயமும், உடன் கொடுப்பனவுக்கு விற்பவரின் நாணயமும் பொதுவாக ஏற்றவை. இவ்விரண்டையும் வேறுபிரித்து அறிந்தவர் கப்பலேறினாலும் ஏறாவிடினும் தம் கைப்பொருளைக் காத்துக்கொள்வர்.