காம உணர்வு மூளையில் எப்படித் தெரிகிறது?

குமுளியைத் தாண்டித் தேக்கடிக் காட்டில் மதம் கொண்ட ஆண் யானையைத் தூரத்திலேயே கண்டுகொள்ளலாம். கண்ணுக்கும் காதுக்கும் நடுவே மதநீர் வழியும். மனிதருக்குக் காம உணர்வு எழும்போது அப்படி ஊரறியும் அடையாளம் இல்லை. ஆனால், மூளையின் மின்சாரம் மாறும்.

நரம்புச் செல்லின் சவ்வு வழியே சோடியம், பொட்டாசியம் அயனிகள் உள்ளே வெளியே போய்வருவதால் மின்னழுத்தம் பிறக்கிறது. லட்சக்கணக்கான செல்கள் சேர்ந்து இயங்கினால் அது உச்சந்தலைத் தோல் வரை எட்டும். அளவோ சில பத்து மைக்ரோவோல்ட்தான்! ஜெர்மன் மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனித மூளையில் இதை முதன்முதலாகப் பதிவு செய்தார். இன்று இ.இ.ஜி. என்ற பரிசோதனையில் பதிவாவது இதுதான்.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் 264 பெண்களுக்குப் பலவகைப் படங்களைக் காட்டி, மூளை அலைகளைப் பதிவு செய்து நடத்திய ஆய்வு 2006இல் வெளியானது. காமக் காட்சிகளுக்கு மூளையின் மின் அலை 0.2 விநாடிக்குள்ளேயே தனித்துத் தெரிந்தது. பெண்ணுக்கு இதெல்லாம் பெரிதாகத் தோன்றாது என்ற பழம்பேச்சு அங்கே பொய்த்துப்போனது.

ஏன் இத்தனை வேகம்? உயிருக்கும் இனப்பெருக்கத்துக்கும் வேண்டியதை மூளை யோசிப்பதற்கு முன்பே கவனித்துவிடுகிறது. அந்த அலை காட்டுவது கவனத்தை, சம்மதத்தை அல்ல. சம்மதம் வாயால் சொல்லப்பட வேண்டியது.