வளைவில் சாயும் மோட்டார் சைக்கிள்

சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்பாக இருங்காட்டுக்கோட்டை இருக்கிறது. பந்தய நாளன்று அங்கே பஸ்ஸை விட்டு இறங்கினால், தடம் கண்ணில் படுவதற்கு முன்பே அதன் ஒலி காதில் விழுந்துவிடும். ஆண்டுக்கு ஓரிரு முறை என் மாணவர்கள் சிலருடன் அங்கே செல்வது வழக்கம். யார் முதலில் வருகிறார் என்று பார்க்கத்தான் எல்லாரும் வருகிறார்கள். நானும் அதற்காகத்தான் வருகிறேன். ஆனால் இயற்பியல் ஆசிரியனுக்கு அங்கே இன்னொரு காட்சியும் தெரிகிறது.

சென்ற முறை கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்ற மாணவன் ஒருவன், வீரர் ஒருவர் முழங்கால் தரையில் உரசும்படி வளைவில் திரும்பியதைக் கண்டு, "சார், இவ்வளவு சாய்ந்தும் ஏன் விழவில்லை?" என்று கேட்டான். நல்ல கேள்வி. இதற்கு விடை தெரிந்தால் பந்தயத்தை ரசிப்பது இரண்டு மடங்காகும். அது மட்டுமன்று, பந்தயம் முடிந்து வீடு திரும்பும்போதும் அந்த விடை தேவைப்படும். அது ஏன் என்பதை இறுதியில் சொல்கிறேன்.

சோழவரம் முதல் இருங்காட்டுக்கோட்டை வரை

சென்னைக்கும் மோட்டார் பந்தயத்திற்கும் உள்ள உறவு பழையது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-இல் தோன்றியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமைந்து பின்னர் பயனற்றுக் கிடந்த சோழவரம் விமான ஓடுதளத்தில், 1980-கள் வரை பந்தயங்கள் நடந்தன. அந்த நாட்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால் என் தந்தையார் இன்றும் நிறுத்தமாட்டார். ஓடுதளம் விமானத்திற்காகப் போடப்பட்டது. பந்தயத்திற்கென்றே வளைவுகளோடு ஒரு தடம் வேண்டும் என்று அந்தக் கிளப் இருங்காட்டுக்கோட்டையில் அமைத்த தடம் 1990-இல் திறக்கப்பட்டது. அதன் சுற்றளவு 3.717 கிலோமீட்டர், வளைவுகள் 12.

ஒரு வீரர் இந்தச் சுற்றை 2 நிமிடத்தில் முடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய சராசரி வேகம் விநாடிக்கு 31 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 111 கிலோமீட்டர். பின்னால் வருபவர் ஒரே ஒரு விநாடி தாமதித்தால், இருவருக்கும் இடையே 31 மீட்டர் இடைவெளி விழுந்துவிடும். அந்த ஒரு விநாடியைச் சேமிப்பது பெரும்பாலும் நேர்ப்பாதையில் அன்று, வளைவுகளில்தான்.

காதால் அளக்கும் வேகம்

முதலில் நேர்ப்பாதையின் ஓரத்தில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். வண்டி நெருங்கும்போது அதன் ஒலி உச்சமாகவும், நம்மைக் கடந்து விலகும்போது தாழ்ந்தும் கேட்கும். எஞ்சினின் சுழற்சி மாறவில்லை. மாறியது நம் காதை வந்தடையும் அலைகளின் எண்ணிக்கை. நெருங்கும் வண்டி தன் ஒலி அலைகளைத் தானே நெருக்கித் தள்ளுகிறது. விலகும் வண்டி அவற்றை நீட்டிவிடுகிறது. இதுவே டாப்ளர் விளைவு.

சங்கீத ஞானம் சிறிது உள்ளவர்கள் இதைக் கொண்டு வேகத்தையே கணக்கிடலாம். நம் ஊர் வெயிலில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 350 மீட்டர். ஒலியின் வேகத்தோடு வண்டியின் வேகத்தைக் கூட்டி, அதை அவ்விரண்டின் வித்தியாசத்தால் வகுத்தால், முதலில் கேட்ட சுருதிக்கும் பின்னர் கேட்ட சுருதிக்கும் உள்ள விகிதம் கிடைக்கும். ஒலி சதுச்ருதி ரிஷபத்திலிருந்து ஷட்ஜத்திற்கு இறங்கினாற்போல் கேட்டால் அந்த விகிதம் 9-க்கு 8. வேகம் மணிக்கு 74 கிலோமீட்டர். அந்தர காந்தாரத்திலிருந்து ஷட்ஜத்திற்கு இறங்கினால் விகிதம் 5-க்கு 4. வேகம் 140 கிலோமீட்டர். சுத்த மத்தியமத்திலிருந்து இறங்கினால் 4-க்கு 3. வேகம் 180 கிலோமீட்டர். வண்டி கியர் மாற்றாமல் ஒரே சீராகக் கடக்கும் இடத்தில் நின்று கேட்பது அவசியம்.

வளைவின் கணக்கு

இனி வளைவுக்கு வருவோம். கோயில் பிராகாரத்தில் ஓடும் சிறுவன் மூலையில் திரும்பும்போது உடலை உட்பக்கமாகச் சாய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். யாரும் அவனுக்குக் கற்றுத்தரவில்லை. சாயாவிட்டால் வெளிப்பக்கம் விழுவான் என்பது அவன் உடலுக்குத் தெரியும்.

வட்டப் பாதையில் செல்லும் எந்தப் பொருளுக்கும் மையத்தை நோக்கி இழுக்கும் விசை ஒன்று தேவை. கயிற்றில் கட்டிச் சுழற்றும் கல்லுக்குக் கயிறு அந்த விசையைத் தருகிறது. மோட்டார் சைக்கிளுக்குக் கயிறு இல்லை. டயருக்கும் தரைக்கும் இடையே உள்ள உராய்வுதான் கயிறு. இவ்விசை தரை மட்டத்தில் செயல்படுகிறது. வண்டியும் ஆளும் சேர்ந்த புவியீர்ப்பு மையமோ தரைக்கு மேலே இருக்கிறது. ஆகையால் நிமிர்ந்தபடி திரும்பினால் வண்டி வெளிப்பக்கமாகக் கவிழும். வண்டியில் இருப்பவர் பார்வையில் சொன்னால், வெளியே தள்ளும் மையவிலக்கு விசையும் கீழே இழுக்கும் எடையும் சேர்ந்த தொகுபயன் விசை, டயர் தரையைத் தொடும் இடத்தின் வழியே செல்லவேண்டும். அதற்காகவே சாய்வு. அத்தொகுபயன் விசையின் திசையை வைத்துப் பார்த்தால், சாய்ந்த வண்டி உண்மையில் நேராகத்தான் நிற்கிறது!

எவ்வளவு சாயவேண்டும்? வேகத்தின் வர்க்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வளைவின் ஆரத்தையும் ஈர்ப்பு முடுக்கமான 9.8-ஐயும் பெருக்கி, அத்தொகையால் அதை வகுத்தால் கிடைப்பது சாய்வுக் கோணத்தின் டேன்ஜென்ட். ஆரம் 50 மீட்டர் உள்ள வளைவில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்திற்கு ஏறத்தாழ 30 பாகையும், 80 கிலோமீட்டருக்கு 45 பாகையும், 105 கிலோமீட்டருக்கு 60 பாகையும் சாயவேண்டும். இக்கணக்கில் எடை எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒல்லியான வீரரும் பருத்த வீரரும் ஒரே வேகத்தில் ஒரே அளவுதான் சாயவேண்டும்.

கைபேசி வரைபடத்தில் வளைவின் ஆரத்தை அளந்துகொண்டு, வண்டி எதிரே வரும்போது ஒரு படம் எடுத்து அதன்மேல் கோணமானியை வைத்தால், வேகத்தை நீங்களே மதிப்பிடலாம். ஒரு சிறு திருத்தம் வேண்டும். வீரர் இருக்கையை விட்டு உட்பக்கம் இறங்கித் தொங்குவதைக் காண்கிறோம். இதனால் இருவருக்கும் பொதுவான புவியீர்ப்பு மையம் உள்ளே நகர்கிறது. அதே வேகத்திற்கு வண்டி சற்றுக் குறைவாகச் சாய்ந்தால் போதும். தரையில் உரசும் முழங்கால் வண்டியைத் தாங்குவதற்காக அன்று. எவ்வளவு சாய்ந்துவிட்டோம் என்று வீரருக்கு உணர்த்தும் அளவுகோல் அது. உரசித் தேய்வதற்கென்றே அங்கே ஒரு பிளாஸ்டிக் வில்லை பொருத்தியிருப்பார்கள்.

இடப்பக்கம் திரும்ப வலப்பக்கம்

சாய்வைத் தொடங்குவது எப்படி? உள்ளங்கையில் ஒரு கோலை நிறுத்திப் பாருங்கள். கோலை இடப்பக்கம் சாய்க்க வேண்டுமானால் கையை வலப்பக்கம் நகர்த்தவேண்டும். மோட்டார் சைக்கிளிலும் அப்படியே. இடப்பக்கம் திரும்ப விரும்பும் வீரர், ஒரு கணம் இடக்கைப் பிடியை முன்னோக்கித் தள்ளுகிறார். முன்சக்கரம் வலப்பக்கம் திரும்புகிறது. வண்டியின் அடிப்பகுதி வலப்பக்கம் ஓடுகிறது. மேற்பகுதி இடப்பக்கம் சாய்கிறது. வேகமாக மிதிவண்டி ஓட்டும் எல்லாரும் இதைச் செய்கிறோம், செய்வது தெரியாமலே.

பிடிப்பு என்னும் வரவு செலவு

சாய்வுக் கோணத்தின் டேன்ஜென்ட், அந்தத் திருப்பத்திற்குத் தேவைப்படும் உராய்வுக் கெழுவையும் சொல்லிவிடுகிறது. 45 பாகைக்குக் கெழு 1 வேண்டும். உராய்வுக் கெழு 1-ஐத் தாண்டாது என்று மாணவர்கள் பலர் நினைக்கிறார்கள். அது சரியன்று. சூடேறிய பந்தய டயரின் இளகிய ரப்பர், தாரில் உள்ள சிறு கற்களைக் கவ்விப் பிடிக்கிறது. உலகப் போட்டிகளான மோட்டோ ஜிபி பந்தயங்களில் வீரர்கள் 60 பாகைக்கு மேல் சாய்வது அதனால்தான்.

இந்தப் பிடிப்பு ஒரு குடும்பத்தின் மாத வருமானத்தைப் போன்றது. பிரேக் போடுவது, திரும்புவது ஆகிய இரண்டு செலவுகளையும் அதற்குள்ளேயே முடிக்கவேண்டும். இரண்டு விசைகளும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருப்பதால் இங்கே பிதாகரஸ் தேற்றம் வருகிறது. மொத்தப் பிடிப்பு 10 பங்கு என்றால், திரும்ப 6 பங்கைச் செலவிடுபவருக்குப் பிரேக்குக்கு 8 பங்கு மிஞ்சும். திரும்ப 8 பங்கு எடுத்தவருக்கு 6 மிஞ்சும். பத்தையும் திருப்பத்திற்கே கொடுத்தவருக்குப் பிரேக்குக்கு ஒன்றும் இல்லை. அவர் பிரேக்கைத் தொட்டால் டயர் வழுக்கும். நல்ல வீரர் நிமிர்ந்திருக்கும்போதே பெரும்பகுதி வேகத்தைக் குறைத்துவிட்டு, சாயச் சாயப் பிரேக்கைச் சிறிது சிறிதாக விடுகிறார். வளைவு தொடங்கும் இடத்தில் நின்று முன்பக்க ஷாக் அப்சார்பர் அமுங்கியிருந்து மெல்ல எழுவதைப் பாருங்கள். இந்த வரவு செலவுக் கணக்கு கண்முன்னே நடக்கும்.

விழுந்தால்?

கணக்குத் தப்பினால் வீரர் விழுகிறார். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் விழுந்தவர் எழுந்து நடந்து வருவதையும் நாம் பார்க்கிறோம். அவர் ஏறத்தாழ 50 மீட்டர் தூரம் சறுக்கி நிற்கிறார் என்று கொண்டால், அவர் உடல் உணரும் எதிர்முடுக்கம் ஈர்ப்பு முடுக்கத்தில் பாதிதான். தோல் உடை தேய்கிறது, உடல் தப்புகிறது. அதே வேகத்தில் ஒரு கம்பத்தில் மோதி அரை மீட்டருக்குள் நின்றால், எதிர்முடுக்கம் ஈர்ப்பு முடுக்கத்தைப் போல் 50 மடங்கு. இயக்க ஆற்றல் ஒன்றே. அது கரைவதற்குக் கிடைத்த தூரம் நூறில் ஒரு பங்கு. தடத்தின் ஓரத்தில் வெற்றுவெளியும் சரளைப் பரப்பும் விட்டிருப்பது இந்தத் தூரத்தைக் கொடுப்பதற்காகவே.

இத்தனைக்குப் பிறகும் தடம் ஆபத்தற்றது என்று சொல்வதற்கில்லை. 2023 ஆகஸ்டில் இருங்காட்டுக்கோட்டையிலேயே மிக இளம் வீரர் ஒருவர் பந்தயத்தில் விழுந்து உயிரிழந்தார். ஒரே திசையில் மட்டும் வண்டிகள் ஓடும் தடத்தில், மருத்துவ வண்டி காத்து நிற்கும் இடத்தில் இது நேர்ந்தது.

வீடு திரும்பும் வழி

இப்போது தொடக்கத்தில் சொன்னதற்கு வருகிறேன். எனக்குப் பத்தொன்பது வயது இருக்கும்போது, பந்தயம் பார்த்துவிட்டு நண்பனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மாலையில் ஊர் திரும்பினேன். கண்ணில் முழுவதும் பந்தயக் காட்சிதான். எங்கள் ஊர் ஏரிக்கரைத் திருப்பத்தை வீரர்களைப் போல் சாய்ந்து எடுக்க ஆசை. முள் 50-ஐக் காட்டியது. காலையில் இல்லாத மணல் மாலையில் அங்கே சிந்திக் கிடந்தது. என் முழங்காலில் தழும்பு இருக்கிறது. நண்பனுக்குக் காறை எலும்பு முறிந்து, அந்த ஆண்டுத் தேர்வை அவன் எழுதவே இல்லை.

பின்னாளில் அந்தத் திருப்பத்தை அளந்தேன். ஆரம் சுமார் 30 மீட்டர். 50 கிலோமீட்டர் வேகத்திற்கு அங்கே 33 பாகை சாய்வும், 0.66 உராய்வுக் கெழுவும் வேண்டும். உலர்ந்த நல்ல தார்ச்சாலை சாதாரண டயருக்கே 0.7 முதல் 0.8 வரை தரும். ஆகவே காலையில் நான் தப்பியிருப்பேன். தார்மேல் மணல் பரவியிருந்தால் 0.3 கிடைப்பதே அரிது. 0.3 என்றால் அந்தத் திருப்பத்தில் போகக்கூடிய உச்ச வேகம் 34 கிலோமீட்டர்தான். 34-க்கும் 50-க்கும் உள்ள வித்தியாசம் என் நண்பனின் ஓர் ஆண்டு.

பந்தய வீரர் ஒரே வளைவை நாள் முழுவதும் நூறு முறை சுற்றுகிறார். அங்கே பிடிப்பு எவ்வளவு என்பது அவருக்குத் தெரியும்; மணலோ எண்ணெயோ சிந்தினால் கொடி காட்டி எச்சரிக்கவும் ஆள் நிற்கிறார். சாலையில் நமக்குக் கொடி காட்ட ஒருவரும் இல்லை. வரவு எவ்வளவு என்று தெரியாத மாதத்தில் அறிவுள்ளவர் செலவைக் குறைத்துக்கொள்வார்.

வேலியோரம் கேள்வி கேட்ட மாணவனுக்கு அன்று இந்தக் கணக்கை முழுவதும் போட்டுக் காட்டினேன். மாலையில் வண்டியைக் கிளப்பும் முன், தலைக்கவசத்தின் வாரை இறுக்கிக்கொண்டே, "சார், நம்ம ரோட்டுக்குக் கெழு எவ்வளவுன்னு வச்சுக்கலாம்?" என்று கேட்டான்.

"0.3 என்று வைத்துக்கொள், தம்பி. அதற்கு மேல் இருந்தால் லாபம்" என்றேன்.