செவிட்டு மூலம்: தன்னையே பேசும் கூற்றும் உண்மையின் இலக்கணமும்

மன்திக் பயிலத் தொடங்கும் மாணவர் முதலில் மனனமிடும் இலக்கணங்களுள் ஒன்று 'கபர்' பற்றியது. உண்மையாகவோ பொய்யாகவோ இருக்க இடந்தரும் கூற்றே கபர். வினாவும் ஏவலும் அதில் அடங்கா. அக்கூற்று நடப்பு நிலைக்கு, அதாவது 'வாகிஃ'க்கு, ஒத்திருப்பின் உண்மை, ஒவ்வாவிடின் பொய். குறையேதும் இன்றித் தோன்றும் இவ்விலக்கணத்தை ஒரு சிறு வாக்கியம் தடுமாறச் செய்துள்ளது.

"நான் இப்போது சொல்லும் இச்சொல் பொய்" என்று ஒருவர் கூறுகிறார்; வேறெதுவும் கூறவில்லை. இது உண்மையெனின், அது சொல்கிறபடியே பொய்யாகிவிடும். பொய்யெனின், அது சொல்வது சரியாகி உண்மையாகிவிடும். கி.மு. 4ஆம் நூற்றாண்டுக் கிரேக்க அறிஞர் யூபுலிடீஸின் பெயரால் வழங்கும் இப்புதிரை நம் முன்னோரும் ஆழ்ந்து ஆராய்ந்தனர்.

'ஈஸாகோஜி'யின் ஆசிரியர் அஸீருத்தீன் அல்அப்ஹரீ, இக்கூற்று பொய்யே என்றார். இது உண்மையாவதற்கு உண்மையும் பொய்யும் ஒருங்கே கூடவேண்டும். அவ்வாறு கூடாமையே இது பொய்யாவதற்குப் போதுமானது. அதனால் இது மீண்டும் உண்மையாகிவிடாது என்பது அவரது வாதம். நஸீருத்தீன் அத்தூஸீ (கி.பி. 1201–1274) இதனை ஏற்கவில்லை. ஒத்தலும் ஒவ்வாமையும் இரு பொருள்களுக்கிடையே நிகழ்வன. செய்தியும் செய்தியால் குறிக்கப்படுவதும் ஒன்றேயாகும்போது அங்கு உண்மை, பொய் என்னும் பேச்சுக்கே இடமில்லை என்றார். தராசு பிற பொருள்களை நிறுக்கும். தன் தட்டில் தன்னையே வைத்து நிறுக்க இயலாது அல்லவா!

போலந்து நாட்டு அறிஞர் ஆல்பிரட் டார்ஸ்கி 1933இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு மொழியின் வாக்கியங்கள் உண்மையா என்பதை அதற்கு மேல்நிலையிலுள்ள வேறொரு மொழியிலேயே வரையறுக்க வேண்டும் என்று நிறுவினார். அவரது முறை கணிதம் சார்ந்தது. எனினும், அளக்கும் கருவியும் அளக்கப்படும் பொருளும் வேறாதல் வேண்டும் என்னும் கருத்தில் இருவரும் நெருங்கி வருகின்றனர்.

ஆனால் இவ்வேறுபாடு மட்டும் போதுமா? "நாளை நான் சொல்லப்போவது பொய்" என இன்று கூறும் ஒருவர், மறுநாள் "நேற்று நான் சொன்னது உண்மை" என்று மட்டும் கூறுவதாகக் கொள்வோம். இங்கு எந்தக் கூற்றும் தன்னைப் பற்றிப் பேசவில்லை; ஒன்று மற்றொன்றையே குறிக்கிறது. முதற்கூற்று உண்மையெனின் இரண்டாவது பொய். இரண்டாவது பொய்யெனின் முதற்கூற்றும் பொய். முதற்கூற்று பொய்யெனக் கொண்டாலோ அது உண்மையாகிவிடுகிறது. முரண் நீங்கவில்லை.

இப்புதிருக்கு 'அல்ஜத்ருல் அஸம்மு', அதாவது 'செவிட்டு மூலம்', எனப் பெயரிட்டவர் இமாம் ஸஃதுத்தீன் அத்தஃப்தாஸானீ (மறைவு கி.பி. 1390). இரண்டின் வர்க்கமூலம் போல, முழு எண்ணாலோ பின்னத்தாலோ சொல்லி முடிக்க இயலாத மூலத்தைக் கணித நூலார் அவ்வாறு அழைத்தனர். தம் 'ஷர்ஹுல் மகாஸித்' நூலில் விடைகளை ஆராய்ந்த இமாமவர்கள், விடை கூறாது விடுத்து இயலாமையை ஒப்புக்கொள்வதே சரி என்று முடித்தார்கள்.

இம்முடிவை அறிவின் தோல்வியெனக் கொண்டு, உண்மை என்பதே ஆளுக்கு ஆள் மாறுவது என வாதிடுவோர் உளர். அது பொருந்தாது. இரண்டின் மூலத்தைப் பின்னமாகச் சொல்ல இயலாததால் கணிதம் பொய்த்துவிடவில்லை. கபரின் வடிவில் வருவன யாவும் கபர்தாமா என்று வினவவேண்டும் என்பதையே இப்புதிர் உணர்த்துகிறது. இலக்கணத்தை ஓதுவோர் அதன் எல்லையையும் ஓதவேண்டும். எல்லையை அறிவதும் அறிவே.

அல்லாஹ்வே மிக அறிந்தவன்.