உங்களுக்குத் தெரியுமா? குளிர்ந்தால் திரளும் ரத்தப் புரதம்

சிலரது ரத்தத்தில் உள்ள எதிர்ப்புப் புரதங்கள், உடல் வெப்பமான 37 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் நெய்போல் திரளும், சூடேற்றினால் கரையும். பெயர் கிரையோகுளோபுலினீமியா. 1933இல் வின்ட்ரோப், பியூயெல் இருவரும் மைலோமா என்னும் எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய் வந்த ஒருவரிடம் இதைக் கண்டார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட வகை எதிர்ப்புப் புரதங்கள் சேர்ந்து திரளும் கலப்பு வகைக்குப் பெரும்பாலும் காரணம் ஹெபடைடிஸ் சி வைரஸ். காலில் செம்புள்ளிகள், மூட்டுவலி, மரத்துப்போதல் ஆகியவை இதன் அறிகுறிகள். சிலருக்குச் சிறுநீரகமும் பாதிக்கும்.

பரிசோதனையில்தான் சிக்கலே. எடுத்த ரத்தத்தை 37 டிகிரியிலேயே வைத்து, உறைந்த கட்டியிலிருந்து சீரம் என்னும் தெளிநீரைப் பிரிக்க வேண்டும். வழியில் ஆறிவிட்டால் புரதம் ரத்தக்கட்டியோடு போய்விடும். ரிப்போர்ட்டில் ‘இல்லை’ என்றே வரும்! பிரித்த சீரத்தை 4 டிகிரியில் சில நாள், ஒரு வாரம்வரைகூட, வைத்திருப்பார்கள். குழாயின் அடியில் வெண்மையாகப் படிந்ததைச் சூடேற்றிக் கரைகிறதா என்றும் பார்த்துவிடுவார்கள்.