மதில்மேற் பசுமை

ஆடி, ஆவணியில் மழை பிடித்ததும் தில்லியின் பழைய மதில்கள் பசுமை போர்த்துக்கொள்கின்றன. அதனைப் 'பாசி' என்ற ஒரே சொல்லில் நாம் அடக்கிவிடுகிறோம். ஆயினும் அஃது ஓரினமன்று. தண்டும் இலையுமின்றி வழுவழுப்பாய்ப் படிவது பாசி. ஈரமண்ணில் தட்டையாய்க் கிளைத்துப் படர்வது பெரும்பாலும் லிவர்வொர்ட். ஷிவ் ராம் காஷ்யப் மேற்கு இமயத்திலும் பஞ்சாப் சமவெளியிலும் ஆராய்ந்து 1929, 1932ஆம் ஆண்டுகளில் இரு பகுதிகளாக நூலாக்கியது இவ்வகையையே. சிறு தண்டைச் சுற்றி நுண்ணிலைகள் நெருங்கி நிற்குமாயின் அதுவே மாஸ்.

மாஸ்களுக்குள்ளும் வேறுபாடு காணப் பத்து மடங்கு பெருக்கும் கைவில்லையும் சிறிது நீரும் வேண்டும். இலையில் நடுநரம்பு உண்டா? காம்பின் நுனியிலுள்ள வித்துப்பை நிமிர்ந்துள்ளதா, குனிந்துள்ளதா? இவற்றை உலர்ந்த நிலையிலும், நீர் தெளித்த பின்னரும் காணவேண்டும். ஹயோபிலா உலர்ந்தால் இலைவிளிம்பை உட்புறம் சுருட்டும். நனைந்தால் விரைவில் விரிக்கும். பியூனேரியாவின் வித்துப்பை பேரிக்காய் வடிவில் குனிந்திருக்கும். அதன் காம்பு ஈரத்திற்கேற்ப முறுக்கி அவிழும். வித்துப்பை கிட்டாதபோது பெயர் சொல்ல அவசரப்படலாகாது, நுண்ணோக்கியே தீர்ப்பளிக்கும்.

லோதித் தோட்டத்துக் கல்லறைகள் போன்ற நினைவுச் சின்னங்களில் எதையும் பெயர்க்காது கண்ணால் மட்டும் காண்போம். பிறவிடங்களில் ஒரு சிட்டிகை எடுத்து, இடமும் நாளும் குறித்த காகித உறையில் உலர்த்தி வைக்கலாம். சித்திரை வெயிலில் கருகிய படலத்தை மட்டும் இறந்ததென எண்ணிவிட வேண்டா. ஒரு துளி நீர் அதன் உயிர்ப்பை நமக்கு உணர்த்தக்கூடும்.