தடுப்பு மருந்தும் தகுந்த குளிரும்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் கடலினின்றும் விலகிய உள்நாட்டுப் பகுதிகள். கோடையில் அங்கு வெயில் கடுமையாக இருக்கும். அத்தகைய இடங்களில் தடுப்பு மருந்தை வெப்பத்தினின்றும் காக்க வேண்டும் என்பதை யாவரும் எளிதில் உணர்வர். ஆயின், மிகுந்த குளிரும் அதற்குப் பகையே என்பதைப் பலர் அறியார்.

இந்தியாவில் அனைவருக்குமான தடுப்பூசித் திட்டம் 1985-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இம்மருந்துகளை 2 முதல் 8 டிகிரி சென்டிகிரேடு வரையுள்ள குளிர்ச்சியில் வைத்துக் காக்கின்றனர். தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், இரண ஜன்னி ஆகிய மூன்று நோய்களையும் தடுக்கும் மருந்தில் அலுமினிய உப்பு கலந்துள்ளது. மருந்து உறைந்தால் அவ்வுப்பின் நுண்துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து திரளும். மருந்தின் ஆற்றல் குன்றும். பின்னர் உருகினும் இழந்த ஆற்றல் மீளாது.

ஆதலின், சிற்றூர்களுக்கு மருந்து கொண்டு செல்வோர் உறைந்த பனிக்கட்டிப் புட்டிகளை உடனே மருந்துப் பெட்டியில் அடுக்கலாகாது. முதலில் அவற்றை வெளியே வைத்தல் வேண்டும். பனிக்கட்டி சிறிது உருகி, புட்டியைக் குலுக்கும்போது உள்ளே நீர் அசையும் ஒலி கேட்டபின்னரே அடுக்குதல் முறையாகும். அந்நிலையில் பனிக்கட்டியின் குளிர் 0 டிகிரிக்குக் கீழே இராது, மருந்தும் உறையாது.

வெயிலுக்கு அஞ்சி இச்சிறு பொறுமையைக் கைவிடின், ஊசி போட்டும் குழந்தைக்குப் போதிய பாதுகாப்புக் கிட்டாமற் போகலாம். அக்குறையைப் பெற்றோர் கண்டறிதலும் அரிது. அளவறிந்து காத்தலே மருந்தைக் காக்கும் நெறியாகும்.