பேச்சுக்கும் ஒரு 'பாடு' உண்டு!

உங்களுக்கு வயது இருபத்தைந்தோ, முப்பதோ. வீடு பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பம் என்று வைத்துக்கொள்வோம். பஸ் பிடித்துப் பொன்னேரி வந்து, எலெக்ட்ரிக் ட்ரெயினில் தொங்கி, ஒருவழியாகச் சென்னை ஆபீஸ் போய்ச் சேருகிற ஆசாமி நீங்கள். வீட்டில் அக்கா. அக்காவுக்கு மூன்று வயதில் ஒரு பையன். ஓடுகிறான், சிரிக்கிறான், டம்ளரைச் சுழலவிட்டு மணிக்கணக்கில் ரசிக்கிறான். பேச்சு மட்டும் இல்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதும் இல்லை.

வீட்டில் என்ன நடக்கும்? ஒரு மாநாடே நடக்கும்!

"ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும். இவங்கப்பன் வாயத் தொறக்க நாலு வருசம் ஆச்சு. இப்ப பாரு, மூட மாட்டேங்கறான்!" - இது ஆயாவின் தீர்ப்பு.

பக்கத்து வீட்டு அத்தை வசம்பை உரைத்து நாக்கில் தடவச் சொல்வார். (வசம்புக்கு 'பேர் சொல்லாதது' என்றே ஒரு பெயர். தன் பேரையே சொல்லவிடாத மருந்து, பிள்ளையைப் பேச வைக்குமாம்!) ஆபீஸில் பக்கத்து சீட் நண்பர், "செல்போனைப் பிடுங்கிடு மச்சான், தானா பேசுவான்" என்பார்.

கடைசியில் எல்லோர் விரலும் அக்கா பக்கம் திரும்பும். "நீ மீன் கூடையத் தூக்கிக்கிட்டுப் போயிட்டா, புள்ள எப்படிப் பேசும்?"

முதலில் அந்த விரலை மடக்கிவிடுவோம். 1943-ல் லியோ கேனர் என்ற மருத்துவர் அமெரிக்காவில் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்துதான் 'ஆட்டிசம்' மருத்துவ உலகில் தனியாக அறியப்பட்டது. அதன்பின் பல வருடங்கள் மேல்நாட்டு மேதைகளே, "பாசமில்லாத தாயால் வருவது" என்று சாதித்துக்கொண்டிருந்தார்கள். அது பொய் என்று நிரூபணமாகிவிட்டது. ஆட்டிசம் என்பது மூளை வளரும் விதத்தில் உள்ள வித்தியாசம். மரபணுக்களுக்கு அதில் பெரிய பங்கு. அம்மா வேலைக்குப் போனதாலும் வருவதில்லை, செல்போனாலும் வருவதில்லை. உலகில் ஏறத்தாழ நூறு குழந்தைகளில் ஒருவருக்கு உண்டு.

காத்திருப்பதில் என்ன நஷ்டம்?

ஆயா சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. லேட்டாகப் பேசும் குழந்தைகள் உண்டு. ஆனால் அந்தக் குழந்தைகள் பேச்சு வருமுன்பே கண்ணால் பேசுவார்கள். கையை நீட்டிக் காக்காயைக் காட்டிவிட்டு, 'நீயும் பார்த்தியா?' என்று நம் முகத்தைப் பார்ப்பார்கள். கூப்பிட்டால் திரும்புவார்கள்.

ஒரு வயதாகியும் மழலை இல்லை, விரல் நீட்டிக் காட்டவில்லை. ஒன்றரை வயதை நெருங்கியும் ஒரு சொல் இல்லை. இரண்டு வயதில் 'அம்மா வா' மாதிரி இரண்டு சொல் சேரவில்லை. எந்த வயதிலானாலும் பேசிக்கொண்டிருந்த பேச்சு நின்றுபோனது - இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. முதலில் காது கேட்கிறதா என்று பரிசோதனை, பிறகு வளர்ச்சிப் பரிசோதனை.

பழவேற்காட்டில் இதற்கு இன்னொரு அவசரமும் உண்டு. தண்ணீர்! சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழி ஏரி இது. ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் கடல். ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலருக்குத் தண்ணீர் மேல் தனி மோகம். சொல்லாமல் நழுவிப் போகும் பழக்கமும் பலருக்கு உண்டு. "டேய், நில்லு!" என்று கத்தினால் திரும்பாத பிள்ளை, வாசலுக்கு எதிரே ஏரி... பேச்சுப் பயிற்சி என்பது பள்ளிக்கூடத்துக்கும் மார்க்குக்குமான சமாசாரம் மட்டுமல்ல, உயிர்ச் சமாசாரம். அதனால் 'ஓடு... நில்லு' என்பதைத் தினமும் விளையாட்டாகவே பழக்குங்கள். நீங்களும் கூட ஓடி, கூட நில்லுங்கள். சட்டைப் பையில் போன் நம்பர் எழுதிய அட்டை ஒன்று எப்போதும் இருக்கட்டும். கரைக்குப் போகும்போது கண்காணிப்பு மட்டும் ஒரு நாளும் குறையக் கூடாது.

ஏரி சொல்லும் பாடம்

ஞாயிற்றுக்கிழமை பைக்கில் வந்து, பூநாரை பார்த்து, டச்சுக் கல்லறையில் போட்டோ எடுத்து, நண்டு வறுவல் சாப்பிட்டுவிட்டுத் திரும்பும் சென்னை இளைஞர்களுக்குத் தெரியாத ஒரு விஷயம் இந்த ஏரியில் இருக்கிறது. அதன் பெயர் 'பாடு'. நல்ல மீன் கிடைக்கும் இடங்களில் இன்று யார் வலை கட்டுவது என்பதற்கு முறை வைத்திருக்கிறார்கள். இன்று உன் பாடு, நாளை என் பாடு. வல்லவன் ஒருவனே தினமும் அள்ளிக்கொண்டு போகாமல் இருக்க நம் பெரியவர்கள் செய்த ஏற்பாடு.

பேச்சும் இப்படித்தான். நான் ஒன்று சொன்னால் அடுத்தது உன் முறை. ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு இந்த முறைமாற்றம்தான் எளிதில் பிடிபடுவதில்லை. நாம் என்ன செய்கிறோம்? "இது என்னா? சொல்லு! மாமா சொல்லு! சொல்லுடா கண்ணா! சொல்லு!" என்று நாலு கேள்வியை ஒரே மூச்சில் வீசுகிறோம். பதிலையும் நாமே சொல்லிவிடுகிறோம். குழந்தையின் பாட்டிலும் நாமே வலை போட்டால் அவனுக்கு மீன் ஏது?

மாமாக்களுக்கு ஒரு சுலபப் பயிற்சி. அவன் எதிரே, அவன் உயரத்துக்குத் தரையில் உட்காருங்கள். (தொப்பை இடித்தால் அது வேறு பிரச்னை.) அவன் எதைப் பார்க்கிறானோ அதை நீங்களும் பாருங்கள். டம்ளரைச் சுற்றுகிறானா? நீங்களும் ஒரு டம்ளரைச் சுற்றுங்கள். "சுத்து..." என்று ஒரே ஒரு சொல். பிறகு வாயை மூடிக்கொண்டு மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள்.

அந்தப் பத்து எண்ணிக்கை இருக்கிறதே, அதுதான் கஷ்டம்! ஆனால் அந்த மௌனத்தில்தான் அவன் பாடு வருகிறது. ஒரு பார்வை, ஒரு சிரிப்பு, உங்கள் கையைத் தள்ளுவது, 'உ...' என்று ஒரு ஒலி. எது வந்தாலும் அதைப் பேச்சாகவே எடுத்துக்கொண்டு பதில் கொடுங்கள். அவன் கேட்டது கிடைத்தது என்று அவனுக்குத் தெரிய வேண்டும். வலை இழுக்கும்போது ஒருவர் 'ஏலேலோ' என்றால் மற்றவர்கள் 'ஐலசா' என்பார்களே, அதே விளையாட்டையும் ஆடலாம். நூறு தடவை நீங்கள் இரண்டையும் சொல்லுங்கள். நூற்றியோராவது தடவை 'ஏலேலோ...' என்று நிறுத்திவிட்டு அவன் முகத்தைப் பாருங்கள்.

கோவாவில் செய்து காட்டினார்கள்

"இதெல்லாம் படித்த டாக்டர் செய்ய வேண்டிய வேலையாச்சே?" என்று சந்தேகம் வரும். இதைப் பரிசோதித்தே பார்த்திருக்கிறார்கள். கோவாவிலும், பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் ஆட்டிசம் உள்ள 65 குழந்தைகளின் குடும்பங்களைச் சேர்த்தார்கள். கோவாவில் இதை நடத்தியது 'சங்காத்' என்ற அமைப்பு. ஏறக்குறைய பாதிக் குடும்பங்களுக்கு மட்டும் தனிப் பயிற்சி. மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு. பயிற்சி கொடுத்தவர்கள் ஸ்பெஷலிஸ்ட்டுகள் அல்ல. பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள். அம்மாவும் பிள்ளையும் விளையாடுவதை வீடியோ எடுத்து, அதை அம்மாவுடன் உட்கார்ந்து பார்த்து, "இதோ, இந்த இடத்தில் அவன் உங்களைப் பார்த்தான். நீங்க கொஞ்சம் காத்திருந்திருக்கலாம்" என்று பேசினார்கள். அவ்வளவுதான்!

முடிவு 2016-ல் 'லான்செட் சைக்கியாட்ரி' இதழில் வெளியானது. பயிற்சி பெற்ற பெற்றோர் பிள்ளையின் கவனத்தை ஒட்டிப் பேசுவது கூடியிருந்தது. பிள்ளைகள் தாமாகத் தொடர்பைத் தொடங்குவதும் கூடியிருந்தது. ஒரே நாளில் கடகடவென்று பேசிய அதிசயமில்லை. ஆனால் முதல் கதவு திறந்தது. ஸ்பெஷலிஸ்ட் இல்லாத ஊரிலும் இதைத் தொடங்க முடியும் என்பது நம் குப்பங்களுக்குப் பெரிய செய்தி. வீடியோ எடுக்க உங்களிடம் செல்போன் இருக்கிறதே, மாமா! ஸ்பீச் தெரபிஸ்ட்டைப் பார்க்கப் போகும்போது அந்த வீடியோவையே காட்டலாம்.

படம் காட்டினால் பேச்சு கெட்டுப்போகுமா?

நடுக்கடலில் இன்ஜின் சத்தத்தில் ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காது. கையசைவிலேயே படகு திரும்பும், வலை இறங்கும். அவர்களை யாராவது 'ஊமை' என்கிறோமா? பேச்சு என்பது வாயில் மட்டும் இல்லை.

சாதம், தண்ணீர், பந்து, வெளியே போகணும், வேண்டாம், வலிக்குது - இவற்றைப் போட்டோ எடுத்து அட்டையாக்குங்கள். கடையில் வாங்கும் ஆப்பிள் படம் வேண்டாம். வீட்டுத் தட்டு, வீட்டுச் சொம்பு. அட்டையைக் கொடுத்தால் பொருள் கிடைக்கும் என்று பழக்கும் முறையை 1985-ல் அமெரிக்காவில் ஆண்டி பாண்டி, லோரி ஃப்ராஸ்ட் இருவரும் உருவாக்கினார்கள். "அட்டை கொடுத்தா சோம்பேறியாகிப் பேசவே மாட்டான்" என்று பயமுறுத்துவார்கள். ஆராய்ச்சிகள் அப்படிச் சொல்லவில்லை. படமும் சைகையும் பேச்சைத் தடுப்பதில்லை. சில குழந்தைகளுக்குப் பேச்சும் கூடவே வருகிறது. 'வேணும்' என்று சொல்ல வழி கிடைத்ததும் பல வீடுகளில் அழுகையும், தலையை இடித்துக்கொள்வதும் குறைகிறது. அந்த ஆர்ப்பாட்டமும் ஒரு பேச்சுதானே!

இதையே மெஷினில் கொண்டுவந்தவர் நம்ம சென்னைக்காரர். அஜித் நாராயணன், ஐ.ஐ.டி. மெட்ராஸில் படித்தவர். பேச முடியாத குழந்தைகளுக்காகச் சென்னை 'வித்யா சாகர்' அமைப்புடன் சேர்ந்து உழைத்து 'ஆவாஸ்' என்ற கருவியை உருவாக்கினார். படத்தைத் தொட்டால் அது குரலாக ஒலிக்கும். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளை மனதில் வைத்துத் தொடங்கியது, பிறகு ஆட்டிசம் உள்ளவர்களுக்கும் பெரிதாகக் கைகொடுத்தது. 2011-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பத்திரிகை, 35 வயதுக்குட்பட்ட சிறந்த கண்டுபிடிப்பாளர்கள் பட்டியலில் அவரைச் சேர்த்தது. இன்று அது டேப்லெட்டில் ஓடும் ஆப்.

கிளிப்பிள்ளையா?

சில குழந்தைகள் சொன்னதையே திருப்பிச் சொல்வார்கள். "உனக்குத் தண்ணி வேணுமா?" என்றால் "உனக்குத் தண்ணி வேணுமா?" வீட்டில் சிரிப்பார்கள், இல்லை அடிப்பார்கள். இரண்டும் வேண்டாம். அவனுக்குத் தாகம் என்றுதான் பெரும்பாலும் அர்த்தம்! கேள்வியை விட்டுவிட்டு, அவன் சொல்ல வேண்டியதை அவன் சார்பில் நீங்களே சொல்லிக் காட்டுங்கள்: "தண்ணி வேணும்." சொல்லிவிட்டு உடனே சொம்பைக் கொடுங்கள்.

"குழப்பாதீங்க, இங்கிலீஷ்ல மட்டும் பேசுங்க" என்ற ஆலோசனையும் வரும். தேவையில்லை. இரண்டு மொழி கேட்பதால் ஆட்டிசம் உள்ள குழந்தைக்குக் கெடுதல் என்பதற்கு ஆதாரமில்லை. ஆயாவுக்கும் அக்காவுக்கும் சரளமாக வருகிற மொழிதான் அவனுக்கும் நல்லது.

'நாலு வயசு ஆயிடுச்சே, இனிமே எங்கே?' என்றும் கையை விரிக்காதீர்கள். அமெரிக்காவில் நாலு வயதில் பேச்சு மிகவும் பின்தங்கியிருந்த 535 குழந்தைகளைப் பற்றிய ஆய்வு 2013-ல் வெளியானது. அதன் பிறகு 70 சதவீதம் பேர் சொற்களைச் சேர்த்துப் பேசத் தொடங்கியிருந்தார்கள். 47 சதவீதம் பேர் சரளமாகவே பேசினார்கள். மற்றவர்களுக்கு? அட்டை, சைகை, ஆப்! இருபது வயது இளைஞனுக்கும் இது பொருந்தும். டீக்கடையில் அவன் அட்டையை நீட்டினால் கடைக்காரர் டீயை நீட்டினால் போதும். அது ஒரு முழு உரையாடல்.

எங்கே போவது?

அங்கன்வாடிகளுக்கு வருடம் இருமுறை மருத்துவக் குழு வர வேண்டும் என்பது 2013-ல் தொடங்கிய அரசுத் திட்டம். அவர்களிடம் சொன்னால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இருக்கிறது. பழவேற்காடோ சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர். போய்வந்தால் அக்காவுக்கு ஒரு நாள் பிழைப்பு போச்சு. இங்கேதான் நீங்கள் வருகிறீர்கள்: ஒரு நாள் கேஷுவல் லீவ்!

2016-ம் வருடச் சட்டம் ஆட்டிசத்தை மாற்றுத்திறன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. சான்றிதழ் வாங்கிவிட்டால் அரசு உதவிகளுக்கு வழி பிறக்கும். ஃபாரம் நிரப்புவது ஆபீஸ்காரருக்குக் கைவந்த கலை அல்லவா?

'ஸ்டெம் செல் போட்டால் பேசுவான்' என்று லட்சக்கணக்கில் கேட்பவர்களிடம் மட்டும் போகாதீர்கள். ஆட்டிசத்துக்கு அந்தச் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-லேயே சொல்லிவிட்டது. படகை அடகு வைக்கத் தேவையில்லை. தினமும் அரை மணி நேரம், ஒரு பாய், ஒரு டம்ளர், பத்து வரை எண்ணும் பொறுமை. இதற்குக் காசு கிடையாது.

காது குத்தும்போது மடியில் உட்கார்த்திக்கொள்ளத் தாய்மாமன்தான் வேண்டும் என்பார்கள். அந்தக் காது குத்து ஒரு நாள் விசேஷம். அவன் சொல்லாமல் சொல்வதைக் காதில் வாங்கிக்கொள்கிற வேலை தினசரி உண்டு. அதற்கும் மாமன்தான் வேண்டும்.